குகை வாய் வரைக்கும்தான் ஜி.பி.எஸ்.: புதியவர்களுக்கான வழிகாட்டி

குகைக்குள் ஜி.பி.எஸ். வேலை செய்யாது. கருவியைக் கையில் வாங்கியதும் புதியவர்கள் கேட்கிற முதல் கேள்வி அதுதான் என்பதால் முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சிக்னல் தரையைத் தொடும்போது, ஆளின் உடம்பு குறுக்கே நின்றாலே தடுமாறும் அளவுக்கு மெலிந்திருக்கும். பாறையை அது துளைக்காது. வாயைத் தாண்டிக் கொஞ்ச தூரம் உள்ளே போனாலே திரையில் இருக்கும் செயற்கைக்கோள் பட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்துவிடும்.

அப்புறம் எதற்கு இந்தக் கருவி? குகை வாயைத் தேடிப் போக, போன இடத்தைப் பிழையில்லாமல் பதிய, இருட்டிலோ மூடுபனியிலோ வந்த வழியே திரும்ப, உள்ளே எடுத்த அளவைகளை நிலப்படத்தில் சரியான இடத்தில் பொருத்த. இந்த நான்கில் பதிவதுதான் கடினம். மற்ற மூன்றும் அது ஒழுங்காக அமைந்தால்தான் ஒழுங்காக அமையும்.

கிளம்புவதற்கு முன்பு

புதிய கருவி என்றாலும், பல மாதம் அணைத்தே வைத்திருந்தாலும், முந்தைய இடத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வந்திருந்தாலும், அதைத் திறந்தவெளியில் வைத்து 15 நிமிடம் ஓடவிடுங்கள். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் சொந்தச் சுற்றுப்பாதை விவரத்தை 30 விநாடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. எல்லாச் செயற்கைக்கோள்களும் எங்கெங்கே இருக்கின்றன என்ற முழுப் பட்டியல் வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். செல்போன் இந்த விவரத்தை நெட்வொர்க் வழியாக நொடியில் வாங்கிக்கொள்ளும். நெட்வொர்க் இல்லாத கைக்கருவி வானத்திலிருந்துதான் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சுற்றுப்பாதை விவரம் சுமார் 4 மணி நேரத்தில் பழசாகிவிடும். அதனால் குகைக்குள் நாள் முழுக்க இருந்துவிட்டு வெளியே வந்து ஆன் செய்தால், காலையில் பிடித்த வேகத்தில் பிடிக்காது. அது கோளாறு இல்லை. ஒரு நிமிடம் அசையாமல் நின்றால் போதும்.

அடுத்தது செட்டிங்ஸ். இதில் ஐந்து விஷயம் பார்க்க வேண்டும். முதல் இரண்டில்தான் பெரும்பாலான பயணங்கள் வழிதவறுகின்றன.

டேட்டம்: பூமியின் வடிவத்தை எந்தக் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம் என்பதைச் சொல்வது டேட்டம். ஜி.பி.எஸ். பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ். 84. பழைய அச்சு நிலப்படங்கள் வேறு டேட்டத்தில் இருக்கும். படத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். ஒரே எண்ணை இரண்டு டேட்டத்தில் வைத்தால் இரண்டு இடம் வரும். ஜப்பானின் பழைய டோக்கியோ டேட்டத்துக்கும் டபிள்யூ.ஜி.எஸ். 84-க்கும் 400 மீட்டருக்கு மேல் வித்தியாசம். புதருக்குள் ஒளிந்திருக்கும் ஒரு மீட்டர் அகலக் குழியை 400 மீட்டர் தள்ளித் தேடினால் கிடைக்காது. கருவியை எப்போதும் டபிள்யூ.ஜி.எஸ். 84-இலேயே வைத்துக்கொண்டு, பழைய படத்து எண்களைக் கணினியில் மாற்றிக்கொள்வது பாதுகாப்பு. படத்துக்காகக் கருவியின் டேட்டத்தை மாற்றி வைத்தவர், பயணம் முடிந்ததும் அதைத் திரும்ப மாற்ற மறந்துவிடுவார்.

எண் வடிவம்: அகலாங்கையும் நெட்டாங்கையும் மூன்று விதமாக எழுதலாம். டிகிரி மட்டும், டிகிரியும் நிமிடமும், டிகிரி நிமிடம் விநாடி மூன்றும். யாரோ போனில் “பதினொன்று, முப்பது, ஐம்பது” என்று சொல்கிறார். அது 11° 30.50' ஆக இருக்கலாம், 11° 30' 50" ஆகவும் இருக்கலாம். 30.50' என்றால் 30' 30"; ஆக இரண்டுக்கும் இடையே 20 விநாடி, அதாவது தரையில் சுமார் 600 மீட்டர். அதையே 11.3050° என்று எழுதிக்கொண்டால் 22 கி.மீ.க்கு மேல் விலகிவிடும். குழு முழுவதும் ஒரே வடிவம் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். வாயால் சொல்லும்போது “புள்ளி”, “நிமிடம்”, “விநாடி” என்ற சொற்களை விழுங்காமல் சொல்லுங்கள்.

குகை அளவை எடுப்பவர்களுக்கு யு.டி.எம். வசதி; இடத்தைக் கிழக்கு எண், வடக்கு எண் என்று இரண்டு எண்களால் சொல்லும் கட்ட முறை அது. அதில் எல்லாமே மீட்டரில் இருக்கும். கூட்டல் கழித்தலில் வேலை முடிந்துவிடும். ஆனால் உலகம் 6 டிகிரி அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரே ஜோடி எண் ஒவ்வொரு மண்டலத்திலும் வரும். மண்டல எண் இல்லாத யு.டி.எம். பதிவு, ஊர் பெயர் இல்லாத கதவு இலக்கம் மாதிரி.

வடக்கு: உண்மை வடக்கா, காந்த வடக்கா என்று கருவி கேட்கும். கையில் வைத்திருக்கும் காம்பஸ் காட்டுவது காந்த வடக்கு. கருவி உண்மை வடக்கிலும் காம்பஸ் காந்த வடக்கிலும் இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. அந்த இடத்தின் காந்த விலக்கம், அதாவது இந்த இரண்டு வடக்குக்கும் இடையிலான கோணம், எத்தனை டிகிரி என்று முன்பே குறித்துக்கொண்டு வாருங்கள். அது ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் நகரும் என்பதால் அளவை எடுத்த தேதியும் சேர்த்தே பதிவாக வேண்டும்.

பேட்டரி வகை: அல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட், ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி 1.2 வோல்ட். எதைப் போட்டிருக்கிறோம் என்று கருவியிடம் சொல்லாவிட்டால் பேட்டரி அளவு தப்பாகத்தான் காட்டும்; பாதி இருப்பது போல் காட்டிவிட்டுப் பட்டென்று அணையும். கடும் குளிரில் அல்கலைன் சீக்கிரம் படுத்துவிடும். அங்கே ரீசார்ஜ் செய்ய முடியாத லித்தியம் பேட்டரிதான் தாங்கும். எப்படியிருந்தாலும் ஒரு முழு மாற்று ஜோடி கட்டாயம்.

ட்ராக் பதிவு: கருவி நடந்த தடத்தைப் புள்ளி புள்ளியாகச் சேமிக்கும். நினைவகம் நிரம்பியதும் பழைய புள்ளிகளை அழித்துவிட்டு மேலே எழுதும் அமைப்பு பல கருவிகளில் உண்டு. நீண்ட பயணம் என்றால் பழைய ட்ராக்குகளைக் கணினியில் இறக்கிவிட்டு, காலி செய்துகொண்டு கிளம்புங்கள்.

நடக்கும்போது

வேபாயின்ட் என்பது நீங்கள் பெயரிட்டுக் குறிக்கும் ஒரு புள்ளி. ட்ராக் தானாகவே ஓடட்டும்; ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. வண்டி நிறுத்திய இடம், பாதை பிரியும் இடம், ஓடையைக் கடக்கும் இடம், பாறைச் சரிவில் பத்திரமாக இறங்கக்கூடிய ஒரே இடம், குகை வாய் என்று ஐந்தாறு வேபாயின்ட் போதும். பெயர் வைக்கும்போது கருவி தானாகத் தரும் 001, 002-ஐ அப்படியே விடாதீர்கள். மாலையில் வீடு திரும்பிய பிறகு 007 எது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

“இங்கே போ” என்று கொடுத்தால் கருவி காட்டுவது நேர்கோடு. நடுவில் செங்குத்துப் பாறை இருப்பது அதற்குத் தெரியாது. திரையில் 80 மீட்டர் என்று தெரிவது, சுற்றி நடந்து இரண்டு மணி நேரமாகவும் ஆகலாம். திரும்பும்போது, முக்கியமாக இருட்டில், வந்த ட்ராக்கின் மேலேயே நடப்பதுதான் முறை.

இன்னொன்று: நின்ற இடத்தில் நின்றால், காம்பஸ் உணரி இல்லாத கருவிக்கு நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்று தெரியாது. அம்புக்குறி தன்பாட்டில் சுற்றும். பத்து இருபது மீட்டர் நேராக நடந்தால்தான் திசை பிடிபடும். உணரி இருந்தால், பேட்டரி மாற்றிய ஒவ்வொரு தடவையும் அதை அளவுதிருத்தம் செய்ய வேண்டும். பேட்டரியின் உறை இரும்பு; புது ஜோடி போட்டால் கருவிக்குள் காந்தச் சூழலே மாறிவிடுகிறது.

குகை வாயைப் பதிவது

நின்று நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இது. குகை வாய்கள் பெரும்பாலும் ஜி.பி.எஸ்.ஸுக்கு ஆகாத இடத்தில்தான் இருக்கும்: பாறைச் சுவரின் அடியில், குழியின் அடிவாரத்தில், அடர்ந்த மரங்களுக்குக் கீழே. சிக்னல் நேராக வராமல் பாறையில் பட்டு எதிரொலித்து வரும். எதிரொலித்து வரும் வழி நீளம் என்பதால் தாமதம். ஒரு மைக்ரோ விநாடித் தாமதம் 300 மீட்டர் தூரத்துக்குச் சமம். அதில் பத்தில் ஒரு பங்கு தாமதமே 30 மீட்டர் பிழை. திரையில் “துல்லியம் 4 மீ” என்று வருவது கருவியின் மதிப்பீடு, உத்தரவாதம் அல்ல. எதிரொலியை நிஜச் சிக்னல் என்றே நம்பிக்கொண்டிருக்கும் கருவி, பிழையோடேயே நல்ல துல்லியமும் காட்டும்.

1. வாயை அடைவதற்குப் பத்து நிமிடம் முன்பே கருவி ஆன் ஆகி, சிக்னலைப் பிடித்திருக்க வேண்டும்.

2. எந்தப் புள்ளியைப் பதிகிறோம் என்று முடிவு செய்யுங்கள். “குகை வாய்” என்பது ஆறு மீட்டர் அகலமாக இருக்கலாம். உள்ளே எடுக்கப்போகும் அளவையின் முதல் நிலையம் (அளவு தொடங்கும் புள்ளி) எதுவோ, அந்தப் புள்ளியே ஜி.பி.எஸ். புள்ளியாகவும் இருக்கட்டும். அழியாத அடையாளம் ஏதாவது அங்கே இருக்க வேண்டும்: பாறையின் கூர்முனை, ஏற்கெனவே அடித்த போல்ட்.

3. அண்ணாந்து பாருங்கள். பாதிக்கு மேல் வானம் மறைந்திருந்தால் அங்கே எடுக்காதீர்கள். கீழே சொல்லும் சுற்றுவழிக்குப் போங்கள்.

4. வானம் தெரிந்தால் கருவியைப் பாறை மேலோ முதுகுப்பை மேலோ வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். தட்டையான ஆன்டெனா உள்ள கருவி மல்லாந்து கிடக்க வேண்டும். தலையில் குட்டித் தூண் போல ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும் வகை, நிமிர்ந்து நிற்க வேண்டும். கழுத்தில் தொங்கவிட்டபடி எடுத்த பதிவில் உங்கள் உடம்பு பாதி வானத்தை மறைத்திருக்கும்.

5. சராசரி எடுக்கும் வசதியை இயக்கி 5 முதல் 10 நிமிடம் விடுங்கள். ஆனால் இதில் ஒரு மாயை இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் 300 அளவீடு சேர்ந்தாலும், 300-க்கும் ஏறத்தாழ ஒரே பிழைதான். செயற்கைக்கோள்கள் அதற்குள் பெரிதாக நகர்ந்திருக்காது. வேறு நேரத்தில், வேறு வானத்தில் மறுபடி எடுத்தால்தான் சராசரிக்குப் பொருள் உண்டு. 90 நிமிடமாவது இடைவெளி வேண்டும். குகைக்குப் போகிறவர்களுக்கு இது தானாகவே அமைகிறது: நுழையும் முன் ஒன்று, வெளியே வந்ததும் ஒன்று. இரண்டும் 5 மீட்டருக்குள் ஒத்துப்போனால் நல்லது. 20 மீட்டர் விலகினால் இரண்டையும் நம்பாதீர்கள்.

6. எண்ணைக் கையால் நோட்டிலும் எழுதுங்கள். டேட்டம், மண்டலம், தேதி, நேரம், கருவி காட்டிய துல்லியம், வானம் எவ்வளவு தெரிந்தது, எடுத்தவர் பெயர் எல்லாம் கூடவே. ஐந்து ஆண்டு கழித்து இரண்டு எண்கள் முரண்படும்போது எதை நம்புவது என்று இந்தக் குறிப்புதான் சொல்லும்.

வானம் தெரியாத வாய்க்கு வழி இது. அருகில் வானம் நன்றாகத் தெரியும் இடத்தில் புள்ளியைப் பதியுங்கள். அங்கிருந்து வாய் வரைக்கும் டேப், காம்பஸ், சரிவுமானி மூன்றையும் வைத்து அளந்து வாருங்கள். ஓர் உதாரணம்: திறந்த இடத்திலிருந்து வாய்க்கு டேப்பில் 45 மீட்டர், சரிவு 20 டிகிரி கீழே, காம்பஸில் 217 டிகிரி. அங்கே காந்த விலக்கம் மேற்கே 2 டிகிரி என்றால், உண்மைத் திசை 215 டிகிரி. டேப் அளவு சரிவின் நீளம்தான். கிடைமட்டத் தூரம் 45-ஐ 20 டிகிரியின் கோசைனால் பெருக்கினால் வரும் 42.3 மீட்டர். இறக்கம் 15.4 மீட்டர். 215 டிகிரி என்பது தென்மேற்கு. கிழக்கு எண்ணிலிருந்து 24, வடக்கு எண்ணிலிருந்து 35, உயரத்திலிருந்து 15 கழித்தால் வாயின் யு.டி.எம். எண் கிடைத்துவிட்டது. யு.டி.எம். கட்டங்களின் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் சிறு கோணம் உண்டு; 45 மீட்டருக்கு அதைப் பொருட்படுத்த வேண்டாம். கணக்குப் போட நேரமில்லை என்றால், திசையும் தூரமும் கொடுத்தால் புதிய வேபாயின்டைத் தானே கணக்கிட்டுக் குறிக்கும் வசதி பல கருவிகளில் உண்டு. அதற்கு டேப் அளவைக் கொடுக்காமல் கிடைமட்டத் தூரத்தைக் கொடுங்கள்.

உயரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜி.பி.எஸ். தரும் உயரத்தில் பிழை, பக்கவாட்டுப் பிழையைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை இருக்கும். எல்லாச் செயற்கைக்கோள்களும் தலைக்கு மேலே மட்டும்தானே இருக்கின்றன, கீழேயிருந்து திருத்த ஒன்றும் இல்லை. காற்றழுத்த உயரமானி உள்ள கருவி இன்னும் நுணுக்கமானது. ஆனால் உயரம் தெரிந்த இடத்தில் அன்று காலையே அதைச் சரிசெய்திருக்க வேண்டும். தாழ்வான இடங்களில் காற்றழுத்தத்தில் 1 ஹெக்டோபாஸ்கல் மாற்றம், உயரத்தில் சுமார் 8 மீட்டர். மழை கவிந்து அழுத்தம் 5 குறைந்தால், நின்ற இடத்திலேயே 40 மீட்டர் ஏறிவிட்டதாகக் கருவி சொல்லும்.

உள்ளே போகும் முன்

ட்ராக்கை நிறுத்திவிட்டுக் கருவியை அணையுங்கள். ஓடவிட்டால் இரண்டு நஷ்டம். கிடைக்காத சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி தீரும். வாய்க்கு அருகில் கிடைக்கும் அரைகுறை எதிரொலிகளை வைத்து மலையைக் குறுக்கும் நெடுக்குமாகக் கிழித்தது போல் ட்ராக்கில் கோடுகள் விழும்.

ஐ.பி.எக்ஸ். 7 என்ற நீர்புகாத் தரம் என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். சேறு, மணல், பாறையில் உரசல் இவற்றைப் பற்றி அந்தத் தரம் எதுவும் சொல்வதில்லை. சேறு படிந்த கையோடு பேட்டரி மூடியைத் திறந்தால் ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகள் சிக்கும். அடுத்த தடவை தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். அதனால் மூடியைக் குகைக்குள் திறக்காதீர்கள். கருவி உலர்பையிலோ கெட்டியான நீர்புகாப் பெட்டியிலோ இருக்கட்டும். அளவை எடுப்பவர் அதை மார்புப் பையில் வைத்திருக்கக் கூடாது. ஜி.பி.எஸ்., மாற்று பேட்டரி, தலைவிளக்கு, இரும்புக் காரபினர் (கயிறு மாட்டும் கொக்கி) எல்லாமே காம்பஸ் முள்ளை இழுக்கும். முள் இரண்டு டிகிரி விலகியதை அன்று யாரும் கவனிக்க மாட்டார்கள். வீட்டில் படம் வரையும்போது, ஒரே இடத்தில் வந்து சேர வேண்டிய பாதைகள் சேராமல் நிற்கும்.

வெளியே காத்திருப்பவருக்கும், ஊரில் தகவல் வைத்திருப்பவருக்கும் குகை வாயின் எண்ணை டேட்டத்தோடும் வடிவத்தோடும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். எத்தனை மணிக்குள் வராவிட்டால் உதவி கூப்பிட வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். மீட்புக் குழு வந்தால் அவர்களுக்கு முதலில் தேவைப்படுவது அந்தத் தாள்தான்.

படத்தில் பொருத்துவது

குகைக்குள் காம்பஸ், சரிவுமானி, டேப் அல்லது லேசர் தூரமானி வைத்து நிலையத்துக்கு நிலையம் அளந்து வருகிறோம். சர்வெக்ஸ், தீரியன் போன்ற மென்பொருளில் அந்த அளவுகளைக் கொடுத்து, வாயின் நிலையத்துக்கு மட்டும் ஜி.பி.எஸ். எண்ணை நிலைநிறுத்தினால், மொத்தக் குகையும் நிலப்படத்தில் தன் இடத்தில் உட்காரும்.

குகைக்கு இரண்டு வாய் இருந்தால் அதிர்ஷ்டம். இரண்டையும் ஜி.பி.எஸ்.ஸில் பதிந்து, உள்வழியாக வந்த அளவையோடு ஒப்பிடலாம். வாய்களுக்கு நடுவே 600 மீட்டர் இருந்து, அளவையின் முனை 30 மீட்டர் பக்கவாட்டில் விலகி விழுந்தால், அது 3 டிகிரித் திருப்பம். ஜி.பி.எஸ். பிழைக்கு அது மிகப் பெரிது. காந்த விலக்கத்தைச் சேர்க்க மறந்தீர்களா, கூட்டல் கழித்தல் குறியை மாற்றிப் போட்டீர்களா என்று முதலில் பாருங்கள். வாய்கள் 50 மீட்டர் தள்ளித்தான் இருக்கின்றன, விலகல் 5 மீட்டர் என்றால் குற்றவாளி பெரும்பாலும் ஜி.பி.எஸ்.; அதற்காக நல்ல அளவையைத் திருகி வளைக்க வேண்டாம்.

உள்ளே இருக்கும் ஓர் இடத்துக்கு நேர் மேலே தரையில் எந்த இடம் என்று அறிய வேண்டுமானால் அதற்கும் வழி உண்டு. குறைந்த அதிர்வெண்ணில் காந்தப்புலத்தை உண்டாக்கும் ஒரு கம்பிச்சுருளைக் குகைக்குள் கிடைமட்டமாக வைத்து, மேலே இன்னொரு சுருளால் அந்தப் புலத்தைத் தேடி நேர் உச்சியைக் கண்டுபிடிப்பார்கள். அந்த உச்சியை ஜி.பி.எஸ்.ஸில் பதியலாம்.

தரவைக் கையாள்வது

வந்த அன்றே வேபாயின்ட்களையும் ட்ராக்கையும் ஜி.பி.எக்ஸ். (ஜி.பி.எஸ். தரவுக்கான பொது வடிவம்) கோப்பாக இறக்கி, இரண்டு இடத்தில் சேமியுங்கள். ஜி.பி.எக்ஸ். எப்போதும் டபிள்யூ.ஜி.எஸ். 84-இல், தசம டிகிரியில் இருக்கும் என்பதால் குழப்பம் குறைவு. பழைய கருவியாக இருந்தால் தேதியைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். ஜி.பி.எஸ். வாரக் கணக்கு 1,024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாகத் திரும்பியது 2019 ஏப்ரலில். மென்பொருள் புதுப்பிக்காத சில கருவிகள் அன்றிலிருந்து கிட்டத்தட்ட 20 ஆண்டு பழைய தேதியைப் போடுகின்றன. இடம் சரியாகவே இருக்கும், தேதிதான் தப்பு. ஆனால் காந்த விலக்கத்தைத் தேதியை வைத்து மென்பொருள் கணக்கிட்டால் அங்கே போய்க் கடிக்கும்.

கடைசியாக, குகை வாயின் எண்ணை யாருக்குக் கொடுப்பது என்ற விஷயம். பொதுவெளியில் போட வேண்டாம். வௌவால்கள் அடையும் காலத்தில் ஆள் நடமாட்டம் அவற்றைக் கலைக்கும். ஆயிரக்கணக்கான ஆண்டில் வளர்ந்த சுண்ணாம்புத் தொங்கூசியை உடைத்து எடுத்துப் போக ஒரு நிமிடம் போதும். எண்ணை வெளியிடாதவர்கள்கூடப் படத்தில் கோட்டை விடுகிறார்கள். வாயில் நின்று செல்போனில் எடுத்த படத்துக்குள் அகலாங்கும் நெட்டாங்கும் பதிந்திருக்கும்; மூலக் கோப்பை அப்படியே அனுப்பினால் அவையும் சேர்ந்தே போகும். கேமராவில் இடப் பதிவை அணைத்துவிட்டு வாயை நெருங்குங்கள். ட்ராக்கைப் பகிர வேண்டியிருந்தால் கடைசி ஒரு கிலோமீட்டரை வெட்டிவிட்டு அனுப்புங்கள்.